அசையாத புள்ளி

கட்டில் அறையின் நடுவை நோக்கி நகர்ந்திருந்தது.

காலையில் யூனிஸ் அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி, நான்கு சக்கரங்களின் பூட்டையும் காலால் மிதித்துப் போட்டிருந்தாள். நன்றாக நினைவிருந்தது. மதியம் அப்பாவுக்குக் கஞ்சியோடு உள்ளே வந்தபோது கட்டில் சுவரைவிட்டு இரண்டடி விலகி நின்றது. பூட்டு போட்டபடியே இருந்தது. சிவப்பு ஆக்சைடு தரையில் நான்கு வெளுத்த கீறல்கள் சுவரோரம் தொடங்கிச் சக்கரங்களில் முடிந்தன.

இந்த வீட்டுத் தரை சமமில்லை என்பது தெரிந்த விஷயம்தான். பெங்களூர் விவேக் நகரில் எழுபது வருடப் பழைய வீடு, இதில் எந்தத் தரை சமமாக இருக்கும் என்று கணவன் லாயிட் சொல்வான். ஆனால் அப்பாவை இங்கே கொண்டுவந்த மூன்று மாதத்தில் கட்டில் நகர்ந்தபோதெல்லாம் சுவரை நோக்கித்தான் நகர்ந்தது. நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். அப்படித்தான் பழகியிருந்தது. இன்று திசை மாறியிருந்தது.

"கட்டிலை யாருப்பா நகத்துனாங்க?"

வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் கேட்டாள். சவரிமுத்து மகளைப் பார்த்தார். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு நாலைந்து சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. அதில் ஒன்றைத் தேடி எடுப்பதற்கே முகம் சிவந்து போகும்.

"கீழ ஆளு," என்றார்.

இந்த வாரம் முழுக்க இதுதான். கோலார் தங்கவயலில் முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். வெடி வைக்கும் நேரத்தில் அடியில் இன்னும் யாராவது மிச்சமிருந்தால் அவருடைய கூட்டத்து ஆட்கள் இப்படித்தான் கத்துவார்களாம். அந்தக் குரல் கேட்டால் யாரும் திரியைத் தொடமாட்டார்கள். மூளை பழைய இடத்துக்கே போய்ப் போய் வருகிறது, பயப்படாதே என்று லாயிட் போனில் சொன்னான். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வெளியே மூன்று நாளாக விடாத மழை. ஜன்னல் கம்பியில் நீர் கோத்து நின்றது. துவைத்த போர்வைகள் காயாமல் நாறின. அந்த ஈரவாடைக்குள் இன்னொரு வாடை இருந்தது, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல. கஞ்சியை ஊட்டி முடிக்கும்வரை வெறும் பாதத்தில் தரை வெதுவெதுவென்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்து, அங்கே தரை சில்லென்று பட்டபோதுதான் உறைத்தது. நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். வேலை கிடந்தது.

யூனிஸுக்கு வேலை எரிமலைகள். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ரேடார் செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் திரும்பி வரும். இரண்டு தடவை எடுத்த அலைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், நடுவில் தரை எத்தனை மில்லிமீட்டர் ஏறியது, எத்தனை இறங்கியது என்று தெரிந்துவிடும். எரிமலை வெடிப்பதற்கு முன் வீங்கும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மூன்றாம் மாடி அலுவலகத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து, சுமத்ராவிலும் எத்தியோப்பியாவிலும் சிலியிலும் இருக்கும் மலைகள் வீங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு எரிமலையையும் நேரில் பார்த்ததில்லை. லாயிட் மட்டும் பார்த்திருக்கிறான். அவளுக்கு அங்கே சீனியராக இருந்தவன், பிறகு கணவன் ஆனவன். இப்போதும் இந்தோனேசியாவில்தான் இருந்தான். போன வாரம் செவ்வாய்க்கிழமை கிளம்பியவன்.

அன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு சோதனை. மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தால் முதலில் பெங்களூரை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். முன்னூறு கோடி வருடப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர். எரிமலை இல்லை, ஒன்றும் இல்லை. இங்கே தரை ஆடுவதாகக் கணக்கு காட்டினால் கணக்கில்தான் கோளாறு. இந்தச் சோதனையை ஏழு வருடம் முன்னால் உருவாக்கியது லாயிட்.

புதுப் பதிப்பு ஆதாரப் புள்ளியைக் கையால் தட்டச்சு செய்யச் சொன்னது. பழையதில் அது தானாக வரும், யாரும் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வானத்திலிருந்து எதையும் தனியாக அளக்க முடியாது. ஏதாவது ஓர் இடத்தைக் காட்டி, இது அசையாது என்று நாம் சொல்ல வேண்டும். மற்ற எல்லா இடமும் அதை வைத்துத்தான் ஏறும், இறங்கும். அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் எப்போதும் பூஜ்யம். அது அளந்து வந்த பூஜ்யம் இல்லை, எழுதிவைத்த பூஜ்யம். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் லாயிட்டின் பழைய கோப்பைத் திறந்து அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்தாள். தப்பாகிவிடக்கூடாதே என்று வரைபடத்தில் ஒட்டிப் பார்த்தாள். படம் மேலிருந்து இறங்கி வந்தது. ரிங் ரோடு, மரங்கள், குழந்தை இயேசு கோயிலின் கூரை, சந்து, ஒரு மொட்டைமாடி, மூலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மூடிமேல் அவளே வைத்த செங்கல்.

யூனிஸ் சிரித்துவிட்டாள். ஊர் முழுக்க அவன் அளந்தது இந்த வீட்டை வைத்துத்தானா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வெட்கம்கூட வந்தது.

சிரிப்பு அடங்கியபின் ஒரு விஷயம் உறுத்தியது. பெங்களூர்ச் சோதனையில் ஒரு பழைய வியாதி உண்டு. ஊர் மொத்தமும் மெதுவாக இறங்கும், மாதக்கணக்கில். பிறகு ஒருநாள் சட்டென்று மொத்தமும் மேலே குதிக்கும். காற்றின் ஈரத்தால் வரும் பிழை என்று லாயிட் எழுதிவைத்திருந்தான். எல்லோரும் அதைக் கழித்துவிட்டு மேலே போவார்கள். அவளே நூறு தடவை கழித்திருக்கிறாள்.

ஒரு கோடி பேர் வாழும் ஊர் ஒரே அளவில் இறங்கி, ஒரே நாளில் ஏறுமா?

அதற்குப் பதில் இந்த ஒரு வீடு மட்டும் ஏறி விழுந்தால்?

எண்களை அழித்தாள். லால்பாக் பாறையின் எண்களைப் போட்டாள். அதைவிட அசையாத இடம் இந்த ஊரில் கிடையாது. ஓட்டிவிட்டு, டீ போடலாம் என்று சமையலறைக்குப் போனாள். பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகுவதைக்கூடப் பார்க்காமல், உள் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சாக்குமூட்டையை யாரோ மெதுவாகத் தரையோடு இழுப்பதுபோல. நின்றது. மறுபடி. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது கணக்கு முடிந்திருந்தது.

ஊர் அமைதியாகிவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எலஹங்காவரை லட்சக்கணக்கான புள்ளிகள், எல்லாம் பச்சை. ஒன்றும் ஏறவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. விவேக் நகரில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி ஏழெட்டு வீடுகளில் மஞ்சள். நகத்தளவு வளையம். சுமத்ராவில் இப்படி ஒன்றைக் கண்டால் அவர்கள் அந்த நாட்டு அரசாங்கத்துக்கே போன் செய்வார்கள்.

சிவப்பை அழுத்தினாள். கோடு விரிந்தது. ஏழு வருடம்.

ஏற்றம், நிதானமாக, மூச்சை உள்ளே இழுப்பதுபோல. நாற்பத்தைந்து மில்லிமீட்டர் வந்ததும் செங்குத்தாக விழுந்தது. மறுபடி ஏற்றம். நாற்பத்தைந்து. விழுந்தது. மூன்று தடவை. கடைசி விழுந்ததிலிருந்து கோடு ஏறிக்கொண்டே வந்து, பத்து நாள் முன்னால், போன வாரம் திங்கட்கிழமை, நாற்பத்தாறில் நின்றது.

மறுநாள்தான் லாயிட் கிளம்பினான்.

விழுந்த தேதிகளைப் பார்த்தாள். 2019 செப்டம்பர். 2021 மே. 2023 பிப்ரவரி. மூன்றாவது அவளுக்குத் தெரியும். உள் அறையில் வாடகைக்கு இருந்த ரயான் அங்கிள் சென்னையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக லாயிட் சொன்ன மாதம். அந்த வாரம் அவள் இங்கே இல்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு வா என்று அவன்தான் கோலாருக்கு அனுப்பினான். திரும்பி வந்தபோது ஜன்னல் திட்டில் அங்கிளின் கண்ணாடி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சோற்றுத்தட்டுகூடத் தெரியாது. அதை அவள் கொரியர் செய்யலாம் என்று சொன்னாள். விலாசம் கிடைக்கவில்லை என்று அவன் சொன்னான்.

லாயிட்டின் கோப்பைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். நிரல் முடிந்து, வெற்று வரிகள், இன்னும் வெற்று வரிகள். யாரும் போகாத அடியில் குறிப்பாக நான்கு வரிகள் இருந்தன.

2019 — பெரியம்மா.
2021 — மம்மி.
2023 — ரயான்.
45 தாண்டினால் — மாமா.

லாயிட் மாமா என்று கூப்பிடுவது ஒருவரைத்தான்.

கடைசி வரி எழுதிய தேதியைக் கோப்பு காட்டியது. ஜூன் பதினொன்று. ஜூன் பன்னிரண்டு இரவு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவளாகக் கேட்காமலே அவன் சொன்னான்: "மாமா எதுக்கு அங்க தனியா கெடக்கணும்? இங்க கூட்டிட்டு வந்துடு யூனி. உள் ரூம் சும்மாத்தானே கெடக்கு." அவள் எச்சில் கையோடு அவன் தோளில் சாய்ந்து அழுதாள். எந்த மருமகன் இப்படிச் சொல்வான் என்று எல்லோரிடமும் சொன்னாள். தம்பியிடம், அலுவலகத்தில், பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரிடம்கூட.

உள்ளே அப்பா விழித்துக்கொண்டார். "கீழ ஆளு," என்றார். "கீழ ஆளு. கீழ ஆளு."

அவருக்குச் சுரங்கம் ஞாபகம் வரவில்லை. தரைக்கடியிலிருந்து கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மணியில் லாயிட் போனை எடுத்தான். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் போகும் சத்தம்.

"என்னம்மா, சாப்ட்டியா?"

"மாமான்னு எதுக்கு எழுதி வெச்சிருக்க?"



"ஃபைலைத் தொறந்தியா," என்றான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு லாயிட்."

"சொல்றேன். கத்தாம கேளு. எங்க பெரியம்மா போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா. எங்கயோ ஓடிட்டாங்கன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். அப்புறம்தான் கிராஃபைப் பாத்தேன். மம்மி போனப்ப மறுபடி பாத்தேன்."

"அவங்க கோவிட்ல போனாங்கன்னு சொன்ன."

"அந்த மே மாசம் யாரு எதுல போனாங்கன்னு யாரு கேட்டாங்க? எவன் பெட்டியத் தொறந்து பாத்தான்?"

"ரயான் அங்கிள்? அவரை நீதானே தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை.

"வீட்டை வித்துத் தொலைச்சிருக்கலாமில்ல?"

"வாங்கறவன் வீட்ல கொழந்தை இருந்தா? யோசிச்சியா நீ? காலியா விட்டா ஏறிட்டே போகும். பக்கத்து வீடும் ஏறுது, பாத்தல்ல மஞ்சளா? ஒருத்தர் படுத்தா ரெண்டு வருஷம் அடங்குது. எனக்கு மட்டும் ஆசையா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இத்தனை வருஷத்துல ஒருநாள் உன்னை அந்த ரூம்ல படுக்க விட்டிருக்கேனா? முதுகு வலிக்குதுன்னு போய்ப் படுத்தப்ப நடுராத்திரி எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்ல?"

நினைவிருந்தது. அதையும் அவள் அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பாடா அவரு."

"மாமாவுக்கு எழுபத்தி மூணு யூனி. பாதி உடம்பு ஏற்கெனவே..."

"வாய மூடு. இப்பவே கூட்டிட்டுப் போறேன். நீ பண்ணதை ஊருக்கே சொல்லுவேன்."

அவன் பெருமூச்சு விட்டான். சண்டையில் தோற்றுவிட்டு லைட்டை அணைக்கப் போகும்போது விடுவானே, அந்தப் பெருமூச்சு.

"சரி. கூட்டிட்டுப் போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா பதறி எதையாவது பண்ணிடாத. அடுத்த சாட்டிலைட் பாஸ் சனிக்கிழமைதானே? முழுசா ரெண்டு நாள் இருக்கு. மருந்தெல்லாம் எடுத்து வெச்சுட்டு நிதானமா ஆட்டோ சொல்லு. மழைல மாமாவ நனைய விடாத."

வைத்துவிட்டான்.

அவனை அவள் நம்பவில்லை. தேதியை நம்பினாள். விழுந்த மூன்று தேதிகளும் செயற்கைக்கோள் வந்த தேதிகள்தான், அவளே பார்த்தாள். அடுத்தது சனிக்கிழமை. இன்று வியாழன். மணி நாலரை.

நிதானமாகத்தான் செய்தாள். மாத்திரை அட்டைகள், ஸ்கேன் கவர், இரண்டு லுங்கி, டயப்பர் கட்டு. தம்பி சாமுவேலுக்குப் போன் செய்து ராத்திரி கோலாருக்கு வருவதாகச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள், பழக்கம். அப்பாவுக்கு டயப்பர் மாற்றி, புதுச் சட்டை மாட்டி, தலையை வாரினாள். வழிந்த பால் கருகிய நாற்றத்தையும் மீறி அந்தச் சூட்டுக்கல் வாடை இங்கே தடித்திருந்தது. கட்டில் இன்னும் அரையடி நடுவுக்கு வந்திருந்ததுபோல் தோன்றியது. சுவரோரம் தள்ளப் பார்த்தாள். மேட்டில் தள்ளுவதுபோல் கனத்தது. விட்டுவிட்டாள்.

"வீட்டுக்குப் போலாம்ப்பா. சாமுவேலு வீட்டுக்கு."

சவரிமுத்து வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பத்தோரு வருடம் துளைக்கருவி பிடித்த கை. விடவில்லை.

"தெரியும்ப்பா. கீழ ஆளுதான். தெரியும். ஆட்டோ கூட்டிட்டு வரேன், பத்து நிமிஷம்."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

சந்து முனையில் கண்ணாவின் ஆட்டோ நின்றது. அவன் பின்பக்கம் குனிந்து, கூரையின் ரெக்ஸின் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தான். மழை தூறலாகியிருந்தது. ஐந்தரைக்கே வானம் கரியாகிவிட்டது. மெயின் ரோட்டில் கோயில் கூட்டம் மெழுகுவர்த்தியும் குடையுமாக அடைத்துக்கொண்டு நின்றது.

"கண்ணா, ஆட்டோவ வீட்டாண்ட எடுத்துட்டு வா. அப்பாவக் கூட்டிட்டுப் போகணும்."

"இன்னாக்கா நீங்க, இன்னிக்கி வியாழக்கெழம. நோவேனா ஜெபம் நடக்குது. இப்ப உள்ள வந்தா வண்டி வெளிய வர்றதுக்கு ஒம்போது ஆயிடும். ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க. ஏழு மணிக்குக் கூட்டம் கலைஞ்சிரும், நானே வந்து தாத்தாவத் தூக்கி உக்கார வெக்கறேன். எந்த ஆஸ்பத்திரி?"

"கோலாரு."

"கோலாரா? அய்யய்யோ, அப்ப வண்டிக்கு கேஸ் போட்டுக்கணும். அதான் சொல்றேன், ஏழு மணி."

இரண்டு நாளில் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. "சரி. ஆனா கண்டிப்பா வரணும்."

"கண்ணா சொன்னா சொன்னதுதான்." மறுபடி ரெக்ஸினைத் தடவினான். ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. "பாருங்கக்கா, எவனோ பிளேடு போட்டுட்டான். புது டாப்பு. போன மாசம்தான் மாத்தனேன்."

"அடப்பாவமே. எப்ப?"

"யாருக்குத் தெரியும்? நேத்து நைட்டு தொடச்சி விட்டேன், சென்னாகி, நல்லா இருந்துச்சு. இன்னிக்கி மதியானம் பாக்கறேன், கிழிஞ்சிருக்கு. எங்க மாமன் கேக்கறான், மதியானம் எங்கடா நிறுத்தனேன்னு. லூசு. மதியானம் நான் பாத்தேன், அவ்ளோதான். பாக்கற நேரத்துல வந்தா கிழிப்பான்? நேத்து நைட்டுக்கும் மதியானத்துக்கும் நடுவுல எப்ப வேணா கிழிச்சிருப்பான். கரெக்டா இல்லியாக்கா?"

யூனிஸ் அந்தக் கிழிசலையே பார்த்தாள்.

பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. அது பார்க்கிற தேதி. நடக்கிற தேதி இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினான். இதில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள் என்றான். எழுதியவன் லாயிட்.

எந்தத் தடவையும் அது செயற்கைக்கோளுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு பார்வைக்கும் நடுவில் எப்போதோ விழுந்திருந்தது. நாற்பத்தாறு ஆகிப் பத்து நாள்.

ஓடினாள்.

சந்தில் கூட்டம் எதிரே வந்தது. ஒரு பெண்ணின் மெழுகுவர்த்தி கையில் பட்டுச் சுட்டது. யாரோ திட்டினார்கள். குடைக்கம்பி கன்னத்தைக் கீறியது. கேட். கதவு. கதவைத் திறந்தே விட்டுப் போயிருந்தாள். செருப்பு வாசலில் தானாகக் கழன்றது.

"அப்பா."

உள்ளே லைட் எரிந்தது. கட்டில் அறையின் நட்டநடுவில் நின்றது. போர்வை மடிப்பு கலையாமல் இருந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி. தொட்டாள். சூடு இன்னும் போகவில்லை.

குளியலறை. இல்லை.

கட்டிலுக்கு அடியில். இல்லை.

சமையலறை, பின்கதவு. உள்ளே தாழ் போட்டபடி. எழுந்து உட்காரவே முடியாத மனிதர்.

மறுபடி அறைக்கு வந்தாள். தரையில் ஒரு விரிசல் இல்லை. ஓட்டை இல்லை. மதியம் இருந்த நான்கு கீறல்களும் இல்லை. நேற்றுதான் போட்டு மெழுகுபூசி மெருகேற்றியதுபோல் சிவப்பு பளபளத்தது. மேடு இல்லை. பள்ளம் இல்லை. கட்டிலைத் தொட்டாள், லேசாகத்தான். தள்ளிய பக்கம் அரையங்குலம் நகர்ந்து நின்றது. எந்தப் பக்கமும் சாயவில்லை.

கல்வாடை போய்விட்டது. அப்பாவின் தலைக்குப் போட்ட தேங்காயெண்ணெய் மணம் மட்டும், மிக லேசாக. கீழிருந்து.

கையில் போன் அதிர்ந்தது. லாயிட்.

தரை சமமாயிடுச்சா?

பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையில் மூன்று புள்ளிகள் ஓடின. இன்னொன்று வந்தது.

கொஞ்ச நேரம் அந்த ரூம்ல வெறுங்கால்ல நிக்காத. செருப்பு போட்டுக்கோ.

அப்போதுதான் உள்ளங்காலில் உணர்ந்தாள்.

வலது காலுக்குக் கீழே தரை ஏறியது. ஒரு தாள் கனம். இறங்கியது. ஏறியது. நடுவில் ஒரு விக்கல், பிறகு அவசரமாக ஒன்று. மூன்று மாதமாக ஒவ்வொரு இரவும் கதவோரம் நின்று கேட்ட அப்பாவின் மூச்சு. இன்னும் நிற்கவில்லை.

காலை எடுத்தாள். பக்கத்தில் வைத்தாள். அங்கே வேறொன்று. மெதுவானது. பழையது. ஒரு பெண்ணின் விலா எலும்பைப்போல் கணுக்கணுவாக.

எடுத்தாள். இன்னும் தள்ளி வைத்தாள். அங்கேயும். அங்கேயும். மூன்று பேர் இல்லை. நான்கு பேர் இல்லை. லாயிட் பிறப்பதற்கு முன்னால், இந்த வீடு கட்டுவதற்கு முன்னால், எத்தனை என்று தெரியாதபடி அடுக்கடுக்காக. ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு காலை வைக்க இடம் இல்லை.

வாசல்வரை எட்டு அடி இருந்தது. எட்டு அடியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.